துண்டுத் துணியில் ஒரு பொம்மை

பாபநாசம் வட்டாரத்தில் சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பறித்தான பின்னர், வயல் வேலை செய்யும் பெண்களுக்கு ஆனி வரையில் வேலை குறைவு. தறியும் தையலும் நடைபெறும் வீடுகளிலோ ஆண்டு முழுவதும் துண்டுத் துணி மிஞ்சுகிறது. இவ்விரண்டையும் இணைக்கத்தக்க சிறு தொழில் துணிப் பொம்மை தைத்தலாகும். அதன் செய்முறையையும், விற்பனைக்கு முன் சங்கம் கவனிக்க வேண்டியவற்றையும் அங்கத்தினர்களுக்கு இங்கே விளக்குவோம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கடற்கரை ஊர்களைத் தாக்கியது. அதன் பின்னர், 2005-இல், ஆரோவில்லிலுள்ள 'உபாசனா' என்னும் ஆடை வடிவமைப்பு நிலையம், துயருற்ற மீனவப் பெண்களுக்கு, மிஞ்சிய துணியைக் கொண்டு ஏறத்தாழ ஒன்றரை அங்குலப் பொம்மை செய்யக் கற்பித்தது. அதற்குச் 'சுனாமிகா' என்று பெயர். அது விலைக்கு விற்கப்படவில்லை, அன்பளிப்பாகவே வழங்கப்பட்டது. மனமுவந்து பலர் அளித்த நன்கொடை அம்முயற்சியைத் தாங்கியது.

புதிதாகக் கற்போர்க்கு 6 அங்குல உயரம் ஏற்றது. கெட்டித் தாளை நெடுக்கில் இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதி உருவத்தை மட்டும் வரைந்து வெட்டுக. விரித்தால் இருபுறமும் ஒத்த மாதிரித் தாள் கிடைக்கும். தலை 2 அங்குல அகலமும், கழுத்து, கை, கால் ஆகியவை 1 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் கொண்டிருக்க வேண்டும். கழுத்து மெலிந்தால் தலை சாயும். கை மெலிந்தால் உட்புறத்தை வெளியே திருப்புதல் இயலாது.

துணி பருத்தியாக இருத்தல் நலம். பட்டு வழுக்கும், ஓரமும் பிரியும். முதலில் துணியைத் துவைத்துக் கஞ்சியைப் போக்குக. சாயம் இறங்கும் துணியை விலக்குக. பாவு நூல் பொம்மையின் உயரவாட்டில் அமையுமாறு மாதிரியை வைத்து வரைக. ஊடை வாட்டில் துணி சற்று இளகுமாதலின், மாறி வைத்தால் பொம்மை நீண்டு கோணும். வரைந்த கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு இரு துண்டுகள் வெட்டுக.

நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, கோட்டின் மேல் நெருக்கமான பின்தையல் போடுக. விலாப்புறத்தில் ஒன்றரை அங்குலம் திறந்திருக்கட்டும். கழுத்திலும் அக்குளிலும் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் இட்டுத் திருப்பினால் சுருக்கம் விழாது. சுத்தமான பஞ்சைச் சிறிது சிறிதாக, முதலில் கை கால்களிலும், பின்பு தலையிலும் கழுத்திலும், இறுதியாக உடலிலும் இறுக்கமாக நிரப்பி, திறப்பை மறைதையலால் மூடுக. உமியும் தவிடும் கூடா. ஈரம் பட்டால் பூசணமும் பூச்சியும் பற்றும்.

கண்ணும் வாயும் நூலால் தைக்கப்படட்டும். மணி, பொத்தான் முதலியவற்றைக் குழந்தை பிய்த்து விழுங்கக்கூடும். ஊசிகளை வேலைக்கு முன்னும் பின்னும் எண்ணுதல் வேண்டும்.

இனி விற்பனை. 2020-ஆம் ஆண்டின் விளையாட்டுப் பொருள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இத்தகைய பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை தேவை. மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. நெசவாளர் அடையாள அட்டை வேறு, கைவினைஞர் பதிவு வேறு என்பதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்க. தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருப்பினும், அப்பெயரைத் துணிப் பொம்மைக்கு இடலாகாது.

விலையை எங்ஙனம் வகுப்பது? பழகிய கை பத்துப் பொம்மை செய்ய எத்தனை மணி ஆகிறதென்று குறித்து, அந்நேரத்துக்குரிய கூலியை முதலில் எழுதுக. அதன் பின்னரே பஞ்சு, நூல், பழுதானவை ஆகியவற்றின் செலவைக் கூட்டுக. சுனாமிகா அன்பளிப்பாக நிலைத்ததற்கு நன்கொடை துணை நின்றது. நம் சங்கத்துக்கு அத்துணை இல்லை. துணி இலவசம் என்பதற்காகத் தைப்பவளின் உழைப்பையும் இலவசமாகக் கணக்கிடுதல் கூட்டுறவு ஆகாது. கூலி கட்டாத விலைக்குக் கேட்பவரிடம் பொம்மையைக் கொடாதிருப்பதே சங்கத்துக்கும் தைப்பவளுக்கும் நலம்.