குருதியின் நினைவாற்றல்

இறைவன் மனிதனுக்கு வழங்கிய அருட்கொடைகளுள் நினைவாற்றல் தலையாயது. அது மூளைக்கு மட்டுமே உரியதன்று, குருதிக்கும் உண்டு.

வட அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள பரோயே தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. 65 ஆண்டுகள் கழித்து, 1846-இல் மீண்டும் வந்த அந்நோய், ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேரைப் பற்றியது. ஆயின், 1781-இல் நோயுற்று மீண்டிருந்த முதியோரை அது தீண்டவில்லை. இதனை நேரில் ஆய்ந்து கண்டவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் பீட்டர் பானும்.

காரணம் யாது? புதிய கிருமியை வெள்ளையணுக்கள் இனங்கண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்குவதற்குப் பல நாள்கள் ஆகின்றன. நோய் நீங்கியபின் நினைவணுக்கள் எஞ்சி நிற்கின்றன. அதே பகை மீண்டும் வரின் விரைந்தெழுந்து வெல்கின்றன. நோயின் துன்பமின்றி அந்நினைவை மட்டும் தருவதே தடுப்பூசி. குழந்தைகள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் ஆதலின், உரிய காலத்தில் அதனை அளித்தல் பெற்றோரின் கடனாகும்.