கம்பளத்தில் கறையா? பதற வேண்டாம்!

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் கொண்டாடிய தீபாவளி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுப்பது என் வழக்கம். புத்தாடை, மத்தாப்பு, முறுக்கு, அத்தை வீடு என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். ஓர் ஆண்டு ஒரு பையன் நான்கே வரி எழுதியிருந்தான்.

"வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். நான் கறிக்குழம்பைக் கார்ப்பெட்டில் கொட்டிவிட்டேன். அம்மா என்னை அடித்தார். பிறகு அம்மாவும் அழுதார்."

சில நாள் கழித்து அந்தத் தாய் பள்ளிக்கு வந்தார். கூச்சத்தோடு, "அவன் எழுதினதப் படிச்சிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானில் குடியேறிய பிறகு, மாதாமாதம் மிச்சம் பிடித்து வாங்கிய கம்பளமாம் அது. குழம்பு கொட்டியதும் கொதிநீரை ஊற்றி, சவர்க்காரத் தூளைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். மஞ்சள் கறை சிவப்பாக மாறிவிட்டது. பயந்துபோய் குளோரோக்ஸை அப்படியே ஊற்றிவிட்டார். சிவப்புப் போனது. அதோடு கம்பளத்தின் சொந்த நிறமும் போய், நடுவீட்டில் தாம்பாளம் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் விழுந்துவிட்டது.

கறை போனது, கம்பளமும் போனது. பிள்ளைக்கு அடி விழுந்ததுதான் மிச்சம்!

அந்தத் தாய் அக்கறை இல்லாதவர் அல்லர். அவருடைய அவசரம்தான் காரியத்தைக் கெடுத்தது. 'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள் நம் பெரியவர்கள். கறை விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை. கறையை விட, கறையைக் கண்டு பதறி நாம் செய்யும் வேலைதான் பெரும்பாலும் பொருளைக் கெடுக்கிறது.

கறையோடு வாழ்ந்தவர்கள் நாம்

கறையைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. என் தாயார் ரப்பர் மரம் சீவியவர். பால் பட்ட சட்டையைக் காயவிடாமல், உடனே பச்சைத் தண்ணீரில் அலசுவார். காய்ந்துவிட்டால் அது ஒட்டுப்பாலாகிவிடும். பிறகு நூலோடு நூலாகப் பிடித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ரப்பர்ப்பால் உறையாமல் இருக்க அம்மோனியாவும், உறைவதற்குப் பார்மிக் அமிலமும் சேர்ப்பது தோட்டத்துத் தொழிற்சாலை வழக்கம். ஆகவே ரப்பர்ப்பால் பட்ட துணியில் வினிகரோ எலுமிச்சையோ போடக்கூடாது. புளிப்புப் பட்டால் பால் உறைந்துவிடும். பள்ளிக்கூடம் போகாத என் தாயார் கைப்பழக்கத்தில் கற்ற விஞ்ஞானம் இது.

செம்பனையும் அப்படித்தான். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான் உருவானது. 1917-ஆம் ஆண்டு, ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் அதைத் தொடங்கினார். இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பழைய பாத்தாங் பெர்ஜுந்தையின் பக்கம் அது. அன்று முதல் செம்பனைப் பழத்தின் ஆரஞ்சு நிறக் கறை நம்மவர் சட்டையை விட்டதில்லை. கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின் என்ற பொருளே அந்தப் பழத்துக்கும் நிறம் தருகிறது. எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு வெயிலில் போட்டால் மீதி நிறம் மெல்ல மங்கிவிடும்.

ஆக, ஒவ்வொரு கறைக்கும் ஒரு குணம் உண்டு. அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சட்டைக்குத் தெரிந்ததைக் கம்பளத்துக்கும் பொருத்திப் பார்ப்போம்.

முதல் ஐந்து நிமிடம்

எதைக் கொட்டினாலும், முதலில் ஒரு கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்து எடுங்கள். பிறகு வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி ஒற்றுங்கள். தேய்க்காதீர்கள்! தேய்த்தால் கறை அகலும், அடியிலும் இறங்கும், கம்பள மயிரும் சிக்காகும். சாயத் துணியால் ஒற்றினால் அந்தச் சாயமும் ஒட்டிக்கொள்ளும்.

ஒற்றிய பிறகு, ஒரு கோப்பைத் தண்ணீரில் கால் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, துணியில் நனைத்து ஒற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றிச் சவர்க்காரத்தை எடுத்துவிடுங்கள். சவர்க்காரம் மிஞ்சினால் அந்த இடத்தில் அழுக்கு விரைவாக ஒட்டும். சென்ற மாதம் போன கறை மறுபடியும் வந்துவிட்டது என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

எந்த மருந்தானாலும், முதலில் நாற்காலிக்கு அடியில் மறையும் மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறம் போகாவிட்டால் மட்டுமே நடுவில் தொடுங்கள்.

கறைக்கு ஏற்ற மருந்து

மஞ்சளும் குழம்பும்: எண்ணெய்ப் பசைதான் மஞ்சளைப் பிடித்து வைத்திருக்கிறது. சோளமாவையோ முகப்பவுடரையோ தூவிக் கால் மணி நேரம் விட்டால் எண்ணெயை உறிஞ்சும். அதை அள்ளிவிட்டு மேலே சொன்னபடி ஒற்றுங்கள். சவர்க்காரம் பட்டு மஞ்சள் சிவந்தால் பயப்படாதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதல்லவா? அதே சங்கதிதான். ஒரு பங்கு வினிகரில் இரு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றினால் மஞ்சளுக்கே திரும்பும். பிறகு கறைப் பக்கத்தைச் சில மணி நேரம் வெயிலில் காட்டுங்கள். மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிற்காது. நாள் முழுக்கப் போட்டுவிடாதீர்கள். கம்பளத்தின் நிறமும் மங்கும்.

இரத்தம், பால், முட்டை: பச்சைத் தண்ணீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் முட்டை வேகிற மாதிரி கறையும் வெந்து இறுகிவிடும். பால் கலந்த மைலோவுக்கும் தேநீருக்கும் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வினிகர் கலந்த தண்ணீர்.

குங்குமம்: தண்ணீர் படவே கூடாது. உலர்ந்த நிலையில் தட்டியோ தூசு உறிஞ்சும் இயந்திரத்தாலோ எடுத்துவிடுங்கள். நனைந்தால்தான் அது சாயமாகும்.

பேனா மை: துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒற்றுங்கள். கம்பளத்தின் மேல் நேரே ஊற்றினால் அடியில் உள்ள பசை இளகிவிடும்.

மெழுகு, சுவிங்கம், காய்ந்த ரப்பர்ப்பால்: பனிக்கட்டியைப் பையில் போட்டு மேலே வையுங்கள். இறுகியதும் உடைத்துக் கிள்ளி எடுங்கள். இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். நம் வீடுகளில் உள்ள மலிவான கம்பளங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையால் ஆனவை, சூட்டில் உருகிவிடும்.

குழந்தையின் சிறுநீர்: ஒற்றி எடுத்து, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, பிறகு பச்சைத் தண்ணீரால் ஒற்றுங்கள். காய்ந்ததும் சோடா உப்பைத் தூவி ஓர் இரவு விட்டு எடுத்தால் வாடை குறையும்.

உயிரோடு விளையாட வேண்டாம்

இதைச் சற்றுக் கூர்ந்து படியுங்கள். குளோரோக்ஸ் போன்ற வெளுப்புத் திரவத்தோடு வினிகரையோ, கழிவறை கழுவும் அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். அம்மோனியாவோடு சேர்த்தாலும் நச்சுப் புகைதான். கதவு மூடிய சிறு வீட்டில் இது மூச்சையே அடைத்துவிடும். 'ஒன்றுக்குப் போகாதது இரண்டைக் கலந்தால் போகும்' என்ற எண்ணம் மிகவும் ஆபத்தானது. கம்பளத்துக்கு வெளுப்புத் திரவமே வேண்டாம். நிறத்தை எடுப்பதோடு, கம்பளி நூலாக இருந்தால் அதையே அரித்துவிடும்.

உலர்த்துவதே பாதி வேலை

தஞ்சோங் காராங்கில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெல்வயலும் வாய்க்காலும். காற்றிலேயே ஈரம் இருக்கிறது. தீபாவளி வருவதோ மழை மாதத்தில். அதனால் கம்பளத்தை வாளி வாளியாக நனைக்காதீர்கள். ஓரிரு நாளில் காயாவிட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. நனைந்த பகுதியின் அடியில் நாற்காலியை வைத்துத் தூக்கி, இரு பக்கமும் காற்றுப் படும்படி விசிறியைத் திருப்பி வையுங்கள். அடிப்பக்கத்தையும் தொட்டுப் பார்த்த பிறகே விரியுங்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன்

பெரிய கறை, பழைய கறை, அடிவரை இறங்கிய சிறுநீர், வெள்ளத்தில் நனைந்த கம்பளம் ஆகியவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. ஆனால் யாரிடம் கொடுப்பது?

நான் பட்ட கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வாசலுக்கே வந்து எடுத்துக்கொண்ட ஒருவரிடம் என் கம்பளத்தைக் கொடுத்தேன். விலை குறைவு என்ற ஒரே காரணம்தான். ரசீது கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த கம்பளத்தில் ஈர வாடை. ஓரமும் சுருங்கியிருந்தது. கேட்டால், "கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார். என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? அன்று முதல் நான் கேட்கும் கேள்விகள் இவை.

சதுர அடிக்கு எவ்வளவு? வந்து எடுப்பதற்கும் கறைக்கும் தனிக் கட்டணம் உண்டா? ஆறடிக்கு ஒன்பதடிக் கம்பளம் என்றால் 54 சதுர அடி. நீங்களே அளந்து, பெருக்கி, மொத்த வெள்ளியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கறை எதனால் வந்தது என்று அவர் உங்களிடம் கேட்கிறாரா? கேட்காமலே "எல்லாம் போகும்" என்பவரை விட, "இது முழுவதும் போகாது, ஆனால் மங்கும்" என்பவரை நம்பலாம். தெரிந்தவர்தான் அப்படிச் சொல்வார்.

எப்படிக் காய வைப்பார்? எத்தனை நாளில் தருவார்? கெட்டுப்போனால் என்ன செய்வார்? இந்தப் பதில்கள் ரசீதில் இருக்க வேண்டும். கொடுக்கும் முன் கம்பளத்தின் இரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும், பணம் கொடுக்கும் முன் விரித்து, முகர்ந்து, அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.

காசு போட்டு நாமே துவைக்கும் டோபிக் கடைகள் இப்போது பட்டணங்களில் இருக்கின்றன. கம்பளத்தை அனுமதிக்கிறார்களா, இயந்திரம் எத்தனை கிலோ தாங்கும் என்று அறிவிப்பைப் பாருங்கள். அடியில் ரப்பர் ஒட்டிய கம்பளத்தைச் சூடான உலர்த்தியில் போடாதீர்கள்.

ரசீது கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று நினைத்துச் சிலர் கூசுகிறார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 'டோபி காட்' என்ற இடப்பெயர் இன்றும் இருக்கிறதே, அது ஆற்றோரம் துணி வெளுத்த இந்தியத் தொழிலாளர்களால் வந்த பெயர். அந்தத் தொழிலில் சேங்கொட்டைச் சாற்றால் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி போடுவது பழைய வழக்கம். எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் கறை போகாது. யாருடைய துணி என்பதற்கு அதுவே சாட்சி. சாட்சி வைத்துக்கொள்வது தொழிலுக்கு அழகுதானே தவிர அவமதிப்பு அல்ல.

நியாயம் கேட்கும் உரிமை

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சேவை செய்கிறவர் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அதில் உள்ள உத்தரவாதம். இல்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். மலாயில் அதற்குத் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா என்று பெயர். கட்டணம் ஐந்தே வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் முறையிட வேண்டும். ஒரு கம்பளத்துக்கா இவ்வளவும் என்று தோன்றலாம். ஒரு குடும்பம் பல மாதம் சேர்த்த பணம் அது. ரசீதும் படமும் இருந்தால் பெரும்பாலும் கடைக்காரரோடு பேசியே முடித்துக்கொள்ளலாம்.

அந்தப் பையன் வீட்டுக் கம்பளம் இன்னமும் இருக்கிறது. வெள்ளை வட்டத்தின் மேல் ஒரு சிறு மேசையைப் போட்டுவிட்டார்கள். அடுத்த தீபாவளிக்கு நான் போனபோது அந்த மேசையில்தான் முறுக்குத் தட்டு இருந்தது. பையன் எனக்குப் பலகாரம் எடுத்து வந்தான். தட்டை இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தான்.

"மெதுவா வாப்பா, கொட்டினா தொடச்சிக்கலாம்" என்றார் அந்தத் தாய்.

கறைக்கு எத்தனையோ மருந்து சொன்னேன். பிள்ளையின் மனத்தில் விழும் கறைக்கு அந்த ஒரு வார்த்தைதான் மருந்து.