டாஷ்போர்ட் ஏன் கடகடக்கிறது?

ஏ-9 வீதியில் சத்தமின்றி ஓடிய வான், கிளிநொச்சியில் கிறவல் ஒழுங்கைக்குத் திரும்பியதும் கடகடக்கிறது. ஏன்?

கிறவலில் அலைமேடுகள் 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக இருந்தால், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 18 தடவை குலுங்கும். தளர்ந்த பனல் அதே வீதத்தில் ஒத்ததிர்ந்தால் சத்தம் பெருகும். வேகத்தை மாற்றினால் அடங்கும். வெயிலில் பிளாஸ்ரிக் உலோகத்தைவிடக் கூடுதலாக விரிவதால், நாளடைவில் கிளிப்பின் பிடியும் தளரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் குளோவ் பொக்ஸை வெறுமையாக்குங்கள். பலவேளை குற்றவாளி சில்லறைக் காசுதான். பிறகு ஒருவர் ஓட்ட, பக்கத்திலிருப்பவர் பனலை இடம் இடமாக அமத்திப் பார்க்கட்டும். எங்கே சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

திருகாணியை இறுக்கி, உரசும் விளிம்பில் ஃபெல்ற் ரேப் ஒட்டுங்கள். சாதாரணக் கிறீஸ் வேண்டாம்: அது தூசியைப் பிடிக்கும், சிலவகைப் பிளாஸ்ரிக்கில் வெடிப்பும் விழுத்தும். எயார்பாக் மூடியை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள்.