ஒரு பாடம், பல வீடுகள்

காலைப் பெரட்டில் கிராணியார் செய்தியை ஒரு முறைதான் சொல்வார். தண்டல்மார் அதைக் கேட்டுத் தத்தம் ஆட்களுக்குச் சொல்வார்கள். இருநூறு பேருக்கும் தனித்தனியே சொல்லப் புகுந்தால் பால்வெட்டும் நேரமே கடந்துவிடும்.

இணையத்திலோ பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் நம் பிள்ளைகள் கைபேசியில் பாடம் கேட்டார்கள் அல்லவா? நேரலைப் பாடம் ஒன்றை நாற்பது பிள்ளைகள் பார்த்தால், தோட்டத்துக்கு வரும் மெல்லிய இணைப்பில் நாற்பது நகல்கள் வரும். நெரிசலில் குரல் அறுபடும், பாடம் கெடும்.

இதற்கு மாற்று 'மல்ட்டிகாஸ்ட்' என்னும் முறை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டீரிங் வகுத்த இதன் விதிகள் 1989இல் வெளிவந்தன. அனுப்புபவர் 224 முதல் 239 வரையிலான எண்ணில் தொடங்கும் ஒரு குழு முகவரிக்கு ஒரே நகலை அனுப்புவார். வழி பிரியும் இடத்தில் மட்டும் 'ரூட்டர்' எனும் வழிகாட்டிக் கருவி நகல் எடுக்கும். கேட்பவர் இல்லாத பக்கம் அனுப்பாது.

ஆனால், பொது இணையத்தின் ரூட்டர்கள் பெரும்பாலும் குழு முகவரியை ஏற்பதில்லை. அலோர் ஸ்டாரிலிருந்து கூலிம் பக்கத்துத் தோட்டத்துக்குப் பாடம் எப்படிப் போகும்? கடிதத்தை இன்னோர் உறைக்குள் இட்டு, மேலே தோட்டத்து ரூட்டரின் முகவரியை எழுதுவதுபோல் அனுப்பலாம். இடையில் உள்ளவை மேலுறையை மட்டுமே பார்க்கும். தோட்டத்து ரூட்டர் உறையைப் பிரித்து உள்ளிருப்பதை வீடுகளுக்கு வழங்கும். இதற்குச் சுரங்கவழி என்று பெயர். விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்கும் பழைய கணினியே இரு முனைகளிலும் ரூட்டராக நின்று இதைச் செய்யும்.

இரண்டு கணக்குகள் தவறக்கூடாது. ஒரு பொட்டலம் வழக்கமாக 1500 பைட்டு கொள்ளும். ஜி.ஆர்.இ. வகைச் சுரங்கவழியின் மேலுறைக்கு 24 போனால் உள்ளே 1476தான். இதை மறந்தால் பொட்டலம் உடையும், அல்லது வந்து சேராது. அடுத்து, ஒவ்வொரு ரூட்டரும் பொட்டலத்தின் ஆயுள் எண்ணில் ஒன்றைக் கழிக்கும். மல்ட்டிகாஸ்டில் அது வழக்கமாக 1 என்றே தொடங்கும். அதை உயர்த்தாவிட்டால் சுரங்கத்துள் நுழையுமுன்பே பொட்டலம் மடியும்.

1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த கூட்டத்தின் குரல் சுரங்கவழிகளால் 20 இடங்களுக்குச் சென்றது. பின்னர் ஜப்பானிலிருந்து துணைக்கோள் வழியே ஆசியப் பல்கலைக்கழகங்களுக்கு மல்ட்டிகாஸ்ட் முறையில் பாடம் அனுப்பும் திட்டம் 2001இல் தொடங்கியது. நம் அண்டையிலுள்ள பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் அதில் பங்குகொண்டது.

ஓர் எச்சரிக்கை. வீட்டுக்கொரு சுரங்கவழி போட்டால், பழையபடி நாற்பது நகல்கள் அதே இணைப்பில் வரும். தோட்டத்துக்கு ஒன்றே போதும். பகிர்வது வீடுகளின் அருகில் நடக்கட்டும். பாடம் அனுப்புவோரும் இம்முறைக்கு இசைய வேண்டும். அப்படி அமைந்தால், இணைப்பு மெல்லியதாயினும் கடைசி வீட்டுப் பிள்ளைக்கும் முழுப் பாடம் கிட்டும்.