பாடிக்குப் பக்கத்தில் ஏரி. குடிநீர் வந்ததோ ரயிலில்

2019 ஜூலை 12. சென்னையில், பாடியை அடுத்த வில்லிவாக்கம் ரயில் நிலையத்துக்கு ஒரு சரக்கு ரயில் வந்து நின்றது. 50 தொட்டி வேகன்களில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் காவிரி நீர். 200 கிலோமீட்டருக்கும் அப்பால், ஜோலார்பேட்டையில் நிரப்பப்பட்ட அந்த நீர் இங்கே இறக்கப்பட்டு, குழாய் வழியே கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த ஆண்டு அது.

அந்த ரயில் வில்லிவாக்கத்தை எட்டுமுன் கடந்த கடைசி நிலையம் கொரட்டூர். தண்டவாளத்துக்கு வடக்கே விரிந்திருப்பது கொரட்டூர் ஏரி, சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள பெரிய ஏரிகளில் ஒன்று. ஊருக்குள்ளேயே ஏரி இருந்தும் வெளியூர் நீர் ஏன் தேவைப்பட்டது? மழை பொய்த்தது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், நீரின் தரம்.

ரயிலால் கிடைத்தது எவ்வளவு?

நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டரை ரயிலில் கொண்டுவருவது அரசின் திட்டம். அந்தக் கோடையில் குடிநீர் வாரியம் நகருக்கு வழங்கிவந்தது தினமும் 52.5 கோடி லிட்டர்; வழக்கமாக வழங்குவதைவிட அதுவே மிகக் குறைவு. ஆக, நாடே பார்த்த அந்த ரயில் திட்டத்தின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

அதே கோடையில் கைகொடுத்த இன்னொரு நீராதாரம் அதிகம் பேசப்படவில்லை. மாங்காடு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த மழைநீரைப் பரிசோதித்து, செம்பரம்பாக்கம் நிலையத்தில் சுத்திகரித்து வாரியம் விநியோகித்தது. பாறைக் குழியில் நின்ற நீருக்கு இருந்த தகுதி, பாசனத்துக்கென்றே கட்டிய கொரட்டூர் ஏரியின் நீருக்கு இல்லாமல் போனது. ஒன்றில் மழை மட்டும் விழுந்தது. மற்றதில் மழையோடு சாக்கடையும் சேர்ந்தது.

ஏரி கெட்டது எப்படி?

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கு வரும். அதுவும் நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்குப் போகும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஏரிகளைக் கால்வாயால் கோத்து, ஒரு மழையை மூன்று இடத்தில் தேக்கிய ஏற்பாடு இது. ஆனால் எந்தக் கால்வாய் வெள்ளத்தைக் கொண்டுவந்ததோ, அதுவே கழிவையும் கொண்டுவரும். மேலே உள்ள ஏரி கெட்டால் கீழே உள்ளவை தப்பாது.

1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. பாடி லூகாஸ் நிறுத்தம் தொடங்கி ஆவடி வரை தொழிற்சாலைகள் பெருகின, வயல்கள் மனைகளாயின. பாசனம் நின்றதும் மதகையும் வரத்துக் கால்வாயையும் கவனிக்க ஆளில்லாமல் போயிற்று. பாடி அடங்கிய அம்பத்தூர் நகராட்சி 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வீடுகள் முதலில் வந்தன, பாதாளச் சாக்கடை பின்னால் வந்தது. இடைப்பட்ட காலத்தில் செப்டிக் டேங்க் வழிந்தால் மழைநீர் வடிகாலே சாக்கடையாயிற்று. அந்த வடிகால் முடிவதோ ஏரியில். கழிவு கலப்பதைத் தடுக்கக் கோரி, கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது.

ஒரு லிட்டர் என்ன செய்யும்?

நீரில் கலந்த கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. அதற்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதே பிஓடி என்ற அளவு. சுத்திகரித்துக் குடிக்க ஏற்ற நீரில் பிஓடி லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கரைந்த ஆக்சிஜன் 4 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை.

வீட்டுச் சாக்கடையின் பிஓடி 200 மில்லிகிராம் அளவில் இருக்கும். பிஓடி 1 மட்டுமே உள்ள நல்ல நீரில் அதைக் கலந்து 3 என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால், ஒரு லிட்டர் சாக்கடைக்கு ஏறத்தாழ 100 லிட்டர் நல்ல நீர் வேண்டும். மழைக்காலத்தில் ஏரி இதைச் சமாளித்துவிடலாம். கோடையில் நல்ல நீர் வற்றும், சாக்கடை வற்றாது. பிறகு மீன் செத்து மிதக்கும். கழிவிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று ஆகாயத்தாமரை படரும்.

சுத்திகரித்துவிட்டால் ஆகாதா?

ஆகும், ஆனால் செலவு வேறு. படிகாரம் போட்டுக் கலங்கலைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலப்பது வழக்கமான முறை. சேற்றையும் கிருமியையும் அது நீக்கும். கரைந்த உப்பையும் உலோகத்தையும் அதனால் நீக்க இயலாது. சாக்கடையிலுள்ள அம்மோனியாவும் கரிமக் கழிவும் குளோரினைத் தாமே உறிஞ்சிக்கொள்வதால், கிருமியைக் கொல்லக் கூடுதல் குளோரின் வேண்டும். அதைக் கூட்டினால் வேண்டாத வேதிப்பொருள்கள் உருவாகும். சவ்வூடு வடிகட்டும் நிலையங்களால் தீர்வு உண்டு. அதற்கு மின்சாரமும் பணமும் தண்ணீராய்ச் செலவாகும். மழை இலவசமாகத் தந்ததை அழுக்காக்கி, பிறகு காசு கொடுத்துக் கழுவுகிறோம்.

கிணற்றடிக்கும் வருகிறது

ஏரி நீர் மண்ணுக்குள் இறங்கித்தான் சுற்றுவட்டாரக் கிணறுகளும் போர்வெல்களும் ஊறுகின்றன. கிருமிகளில் பலவற்றை மண் பிடித்துவைக்கும், நைட்ரேட்டைப் பிடிக்காது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு இன்னும் கூடும். அதன் சுவையோ மணமோ நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாது. ஆய்வகப் பரிசோதனை ஒன்றே வழி.

வீட்டில் செய்ய வேண்டியவை

போர்வெல் நீரைக் குடிப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முடிந்தால் மழைக்காலம் முடிந்ததும், உப்பு, நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி மூன்றையும் பரிசோதிக்கலாம். நிலத்தடித் தொட்டியான சம்பை அவ்வப்போது கழுவி, மூடியை இறுக மூட வேண்டும். செப்டிக் டேங்குக்கு அருகே சம்ப் இருந்தால் விரிசல் உண்டா என்று பார்ப்பது அவசியம். குழாய் நீரில் லேசான குளோரின் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். தெருக்குழாய் முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும். சாக்கடை நாற்றம் வந்தால் அந்த நீரைக் குடிக்காமல் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் செய்ய வேண்டும். வீட்டுக் கழிவுக் குழாய் மழைநீர் வடிகாலில் சேர்ந்திருந்தால், பாதாளச் சாக்கடைக்கு மாற்ற வேண்டும். நீர்நிலையில் மாசு கலப்பதை 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடைசெய்கிறது.

கழிவுக் குழாய்களைத் தெருவாரியாக இப்படி மாற்றுவது, ஏரிக்கரையில் நடைபாதை அமைத்துப் படகு விடுவதைப் போலப் படம் எடுக்க உதவாது. ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ஏரியைத் தூர்வாரினால் கொள்ளளவு கூடும். கழிவு நுழையும் வாய்களை அடைக்காமல் தூர்வாரினால், கூடுவது சாக்கடையின் கொள்ளளவுதான்.