முன்பின் தெரியாத வீட்டில் ஒரு விருந்து! - இளம் வழக்கறிஞர்கள் மாநாட்டின் மாலை நேரங்கள்

மாநாடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மேடை, மைக், மாலை, நீண்ட உரைகள். ஆனால், சர்வதேச இளம் வழக்கறிஞர்கள் சங்கத்தின் வருடாந்தர மாநாட்டுக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டால், உரைகளைவிட ஒரு ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அன்று மாலை, வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, உள்ளூர் வழக்கறிஞர்களின் வீடுகளுக்குச் சாப்பிடப் போகிறார்கள். வீட்டுக்காரரும் அவர்களுக்குப் புதியவர், உடன் வருபவர்களும் புதியவர்கள். 'ஹோம் ஹாஸ்பிடாலிட்டி' என்ற இந்த விருந்து, அந்த மாநாட்டின் பழைய வழக்கங்களில் ஒன்று.

ஏ.ஐ.ஜே.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சங்கம் 1962-ல் தொடங்கப்பட்டது. தலைமையகம் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் இருக்கிறது. 45 வயது வரை உள்ளவர்களே இதன் உறுப்பினர்கள். மாநாடு ஆண்டுக்கு ஒரு நகரம் என்று சுற்றிவரும். 2017-ல் டோக்கியோ, 2018-ல் பிரஸ்ஸல்ஸ், 2019-ல் ரோம், 2022-ல் சிங்கப்பூர். பகலில் சட்ட அமர்வுகள். மாலையில் வரவேற்பு, வீட்டு விருந்து, இறுதியில் பெரிய விருந்து. இடையில் ஒருநாள் ஊர் சுற்றிப் பார்ப்பதும் உண்டு.

'படித்த வக்கீல்கள் கடல் தாண்டிப் போய் விருந்து சாப்பிடுவதில் என்ன இருக்கிறது?' என்று தோன்றலாம். இருக்கிறது!

பூட்டிய கதவுக்குச் சாவி

டாக்டரோ இன்ஜினீயரோ எந்த நாட்டுக்குப் போனாலும் மனித உடம்பும் சிமென்ட்டும் ஒன்றுதான். சட்டம் அப்படியல்ல. ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டினால் சட்டமும் மாறும், நீதிமன்ற மொழியும் மாறும். நம்மூர் வழக்கறிஞர் ஜெர்மனி நீதிமன்றத்தில் போய் நேரடியாக வாதாட முடியாது.

ஆனால் மக்களின் பிரச்னைகள் எல்லையோடு நிற்பதில்லை. திருப்பூரில் இருந்து ஒருவர் ஜெர்மனிக்கு பனியன் ஏற்றுமதி செய்கிறார். சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் வரவில்லை. இன்னொரு வீட்டில், மகளுக்கும் மருமகனுக்கும் வெளிநாட்டில் மணமுறிவு. குழந்தை யாரிடம் இருப்பது என்பதை அந்த நாட்டு நீதிமன்றம்தான் முடிவு செய்யப்போகிறது. இவர்கள் முதலில் போய் நிற்பது உள்ளூர் வக்கீலின் அலுவலகத்தில். "அங்கே நம்பிக்கையான ஆள் யாராவது தெரியுமா சார்?" என்பதுதான் முதல் கேள்வி.

இணையத்தில் தேடினால் ஆயிரம் பெயர்கள் வரும். அதில் யார் போனை எடுப்பார், யார் நியாயமான ஃபீஸ் கேட்பார், யார் 'இது என்னால் ஆகாது' என்று நேர்மையாகச் சொல்வார் என்பது தெரியாது. ஒரே மேஜையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டவரைப் பற்றி ஓரளவாவது தெரியும். அந்த நம்பிக்கைக்காகத்தான் இத்தனை விருந்துகளும்.

காந்தி சாப்பிட்ட 'டேர்ம்'கள்

வக்கீல் தொழிலுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் உள்ள உறவு புதியதல்ல. லண்டனின் இன்னர் டெம்பிளில் சட்டம் படித்த காந்தி, பாரிஸ்டர் ஆவதற்குத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது, விருந்துகளிலும் கலந்துகொள்ள வேண்டும் என்ற விதியைத் தன் சுயசரிதையில் விவரிக்கிறார். மொத்தம் 12 பருவங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஆறு விருந்துகள். சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் தருவார்கள். காந்தி தொடமாட்டார் என்பதால், அவரைத் தங்கள் குழுவில் சேர்க்கப் போட்டியாம்! அவர் பங்கும் மற்ற மூவருக்குத்தானே?

அதே இடத்தில் காந்தி ஒரு முக்கியமான குறையையும் சொல்கிறார். பழைய காலத்தில் மூத்தவர்களும் மாணவர்களும் சேர்ந்து உண்டார்கள், பேசினார்கள். மாணவர்கள் உலக அறிவு பெற்றார்கள். தன் காலத்திலோ மூத்தவர்கள் தனி மேஜைக்குப் போய்விட்டதால் அந்த வழக்கமே அர்த்தமிழந்துவிட்டது என்கிறார். இன்றைய மாநாடுகளுக்கும் இது அப்படியே பொருந்தும். பழகியவர்கள் பழகியவர்களோடே நின்றால், முதல்முறை வந்தவர் கையில் ஜூஸ் டம்ளரோடு சுவரோரம்தான் நிற்பார். வீட்டு விருந்து இதை உடைக்கிறது. எட்டுப் பத்துப் பேர் உள்ள ஒரு கூடத்தில் யாரும் சுவரோரம் ஒதுங்க முடியாது.

சிரிப்புக்குப் பின்னால்

எல்லாம் இனிமை என்று சொல்லிவிட முடியாது. சர்வதேச வழக்கறிஞர் கூட்டமைப்பான ஐ.பி.ஏ., 135 நாடுகளில் ஏறக்குறைய 7,000 பேரிடம் நடத்திய ஆய்வை 2019-ல் வெளியிட்டது. பதில் சொன்ன பெண்களில் மூவரில் ஒருவர், தொழில் தொடர்பான சூழலில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் புகாரே கொடுக்கவில்லை.

காரணம் புரியாததல்ல. விருந்தில் எல்லை மீறுபவர், நாளை வேலை தரக்கூடிய சீனியராக இருக்கலாம். 'பார்ட்டிதானே' என்று மற்றவர்கள் சிரித்துக் கடந்துவிடலாம். தொடர்புகளை வளர்க்கும் அதே மாலைதான், ஒரு இளம்பெண்ணை 'இனி இந்தப் பக்கமே வேண்டாம்' என்று ஒதுங்க வைக்கவும் கூடும். அதனால், நடத்தை நெறிகளை முன்கூட்டியே அறிவிப்பது, புகார் சொல்ல ஒருவரை நியமிப்பது, மதுவை மையமாக வைக்காத காலை நடை, மதிய உணவு போன்ற சந்திப்புகளைச் சேர்ப்பது ஆகியவை அவசியத் தேவைகள்.

யாரால் போக முடியும்?

அடுத்த தடை பணம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று கூறியது. நீதிமன்றமே சொல்ல வேண்டிய நிலை என்றால், அதுவரை பலர் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று ஊகிக்கலாம். குடும்பத்தில் முதல் வக்கீலாக வந்தவருக்கு விமான டிக்கெட்டே பெரிய மலை. இத்தகையவர்களுக்காக உதவித்தொகை தரும் அமைப்புகளும் உண்டு. பதிவுக்கட்டணத்தைப் பார்த்து மலைப்பதற்கு முன், அதற்கு விண்ணப்பிப்பது நல்லது.

போகிறவர்கள் கவனத்துக்கு

* வேலை கேட்டு ஆரம்பிக்காதீர்கள். இந்திய பார் கவுன்சில் விதி 36, வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும் வழக்குகளைத் தேடிப் பிடிப்பதையும் தடை செய்கிறது. நட்புக்குத் தடையில்லை.
* 50 பேருக்கு கார்டு நீட்டுவதைவிட ஐந்து பேரிடம் நிதானமாகப் பேசுவது மேல். ஜப்பானியர்கள் விசிட்டிங் கார்டை இரு கைகளால் கொடுப்பார்கள், வாங்குவார்கள். படித்துப் பார்க்காமல் பைக்குள் போட்டால் மரியாதைக் குறைவு.
* அசைவமோ மதுவோ வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காந்தி காலத்திலேயே அது நடந்தது!
* ஊர் திரும்பிய சில நாள்களுக்குள், பேசிய விஷயத்தைக் குறிப்பிட்டு இரண்டு வரி மெயில் அனுப்புங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

வீட்டில் வக்கீல் மகளோ மகனோ, "மாநாட்டுக்குப் போகணும்ப்பா" என்று கேட்டால், 'பார்ட்டிக்கா?' என்று உடனே முகம் சுளிக்க வேண்டாம். எங்கே தங்குகிறார்கள், யார் பொறுப்பு என்று கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் அவை. பிறகு அனுப்பி வையுங்கள். தொலைதேசத்தில் தவிக்கும் யாரோ ஒரு வீட்டுப் பெண்ணுக்கு, அங்கே கிடைத்த ஒரு போன் நம்பர் ஒருநாள் உதவலாம்.