கொல்லையிலே மீன் குளம்! விடியற்காலையில் மீன் வாய் திறப்பது ஏன்?

பொழுது புலரும் நேரம். கொல்லைக் குளத்தில் மீன்கள் கூட்டமாக மேலே வருகின்றன. வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

"ஐயோ பாவம், பசி!" என்று வீட்டு அம்மாள் ஒரு முறம் தவிட்டை அள்ளிக் கொட்டுகிறார். அடுத்த நாள் காலையில் பாதி மீன் செத்து மிதக்கிறது!

அது பசி அல்ல, மூச்சுத் திணறல். குளம் வெட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்படி வெட்டுவது?

20 அடி நீளம், 20 அடி அகலம், 5 அடி ஆழம் இருந்தால் போதும். வெயில் படும் இடமாக இருக்கவேண்டும். மரத்தடி ஆகாது. இலைகள் விழுந்து அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

ஈர மண்ணை உருண்டையாகப் பிடித்து மேலே எறிந்து பிடித்துப் பாருங்கள். உடையாவிட்டால் அந்த மண்ணில் தண்ணீர் நிற்கும். உதிர்ந்து போனால் அடியில் தார்ப்பாய் விரிக்கவேண்டும்.

கரை சரிவாக இருக்கட்டும். சுற்றிலும் வேலி கட்டாயம். குழந்தைகள் உள்ள வீட்டில் வேலி இல்லாமல் குளம் கூடவே கூடாது!

ஒரு கிலோ சுண்ணாம்பு தூவி, தண்ணீர் விட்டு, சில நாள் கழித்து 8 கிலோ மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றவேண்டும். இரண்டு வாரத்தில் தண்ணீர் இளம்பச்சை ஆகும். மீன் குஞ்சுகளின் இயற்கை உணவு அதில்தான் இருக்கிறது.

மூன்று மீன், மூன்று மாடி!

கட்லா மேல் தண்ணீரில் மேயும். ரோகு நடுவில் மேயும். மிர்கால் அடியில் மேயும். ஒன்றின் உணவை மற்றொன்று பறிக்காது.

இந்த மீன்கள் தேங்கிய தண்ணீரில் தாமாக முட்டையிடுவதில்லை. முன்பெல்லாம் ஆற்றில்தான் குஞ்சு பிடித்தார்கள். 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி ஒடிசாவில் ஊசி மருந்து செலுத்தி இவ்வகை மீனை முட்டையிடச் செய்தார். இன்று பண்ணைகளிலேயே குஞ்சு கிடைக்கிறது.

இந்தக் குளத்துக்கு விரல் நீளக் குஞ்சுகள் 30 போதும். கட்லா 12, ரோகு 9, மிர்கால் 9. குஞ்சு வந்த பையை அப்படியே கால் மணி நேரம் குளத்தில் மிதக்க விட்டு, பிறகு திறக்கவேண்டும். விரால் ஒன்று புகுந்தாலும் குஞ்சுகளை விழுங்கிவிடும், உஷார்!

அளவு மீறினால் ஆபத்து

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு கலந்து கொடுக்கலாம். 3 கிலோ மீனுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம். மிஞ்சிக் கிடந்தால் குறைத்துவிடவேண்டும்.

பகலில் பாசி, வெயிலின் உதவியால் பிராணவாயு தருகிறது. இரவில் தருவதில்லை. பாசியும், மீனும், அழுகும் தீனியும் இருக்கும் வாயுவைச் செலவழிக்கின்றன. விடியும்போது மீன் தவிக்கிறது!

அப்போது தீனியை நிறுத்துங்கள். புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றுங்கள். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெரியவில்லையா? பச்சை அதிகம், சாணம் போடாதீர்கள்.

கவனமாக வளர்த்தால் ஓர் ஆண்டில் முக்கால் கிலோ, ஒரு கிலோ மீன் சொந்தக் கொல்லையிலிருந்தே குழம்புச் சட்டிக்கு வரும். தினமும் விடியற்காலையில் ஒரு நடை குளத்தங்கரைக்குப் போய்ப் பார்த்தால் போதும்!